பாதியில் நின்ற காதுகுத்து

பழைய டிவிடியை எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஏற்றினால் காதுகுத்து பாதியில் நின்றுவிடுகிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைக்கிறார்கள், ஆசாரி கம்பியை எடுக்கிறார், அவ்வளவுதான். ‘டிஸ்க் போச்சு’ என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டோம். நம்மில் எத்தனையோ பேர் செய்தது இதுதான். அந்த டிஸ்க்குகளில் பல போகவே இல்லை. நாம்தான் முழுசாகத் திறந்து பார்க்கவில்லை.

2000களில் டிவிடி கேம்கார்டரை ஆசையாக வாங்கினோம். டேப்பைச் சுற்ற வேண்டாம், எடுத்ததைப் பிளேயரில் போட்டுப் பார்க்கலாம். 8 செ.மீ. டிஸ்க், 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் 30 நிமிடம். கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்தால்தான் மற்ற பிளேயரில் ஓடும் என்று கையேட்டில் தெளிவாகவே இருந்தது. சில நிமிட வேலை. பந்திக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றோம். நாளை வரவில்லை, கேமராவையும் பழைய சாமானோடு போட்டுவிட்டோம். பிறகு கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைக் காலி என்று காட்டியபோது அதையும் நம்பினோம்.

ஃபைனலைஸ் செய்தவற்றையாவது ஒழுங்காக எடுத்தோமா? டிஸ்க்குக்குள் ‘வீடியோ_டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் படம் இருக்கும் விஓபி ஃபைல் ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது டிவிடியின் விதி. மீதி அடுத்த எண்ணுள்ள ஃபைலுக்குப் போய்விடும். நாம் முதல் ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டோம். நிறைந்த டிஸ்க்கில் கடைசி ஏழெட்டு நிமிடம் அங்கேயே தங்கிவிட்டது. பாட்டி மொய்யெழுதியவரோடு பேசிக்கொண்டிருந்தது அந்த நிமிடங்களில் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ரெக்கார்ட் பட்டனை நிறுத்தி நிறுத்தி எடுத்த இடங்களில் ஃபைலுக்குள் ஓடும் நேரக்கணக்கு அறுந்து மறுபடி தொடங்கும். சில சாஃப்ட்வேர்கள் முதலில் அறுந்த இடத்திலேயே படம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். படம் வந்து சத்தம் வராவிட்டால், பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ள டால்பி ஒலியை அந்த சாஃப்ட்வேருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இவற்றையெல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்திருக்கலாம். போனில் புதுப் படங்கள் குவிந்தன, பழையதை மறந்தோம்.

இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. டிவிடி-ஆர் டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. நாமோ மொட்டைமாடிக்குக் கீழே பரணில் வைத்திருக்கிறோம். முதலில் இறக்குவோம். தட்டு வெளியே வரும் டிரைவில்தான் போடவேண்டும். வாயில் செருகும் டிரைவில் இந்தச் சின்ன டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம். நேரே எடிட்டிங்குக்குப் போகாமல் முழு ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, மேக்எம்கேவி போன்ற ஒரு சாஃப்ட்வேரால் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஃபைலாக மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் முழுதும் வந்துவிடும். கீறல் விழுந்ததற்கு டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, திரும்பத் திரும்பப் படித்துக் கிடைத்ததைச் சேர்க்கும். காலி என்று காட்டும் டிஸ்க்கை ஐசோபஸ்டர் என்ற சாஃப்ட்வேரில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் எறியவேண்டாம். அதே வகைக் கேமரா சொந்தத்தில் யாரிடமாவது இருக்கிறதா, சார்ஜரோடு இருக்கிறதா என்று கேட்டு வைப்போம். அன்று தவறவிட்ட ஃபைனலைஸை இன்றைக்கும் அதில் செய்ய முடியலாம்.