'100% திமிங்கலச் சுறா பார்க்கலாம்' என்கிறார்களா? அந்த ட்ரிப்பைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்!

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் கடல் கிடையாது. மேற்கே மலை, சுற்றிலும் கண்மாயும் தோட்டத்துக் கிணறுகளும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த ஊரில் வளர்ந்து, இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருமே கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள்.

ஒரு நாள் அவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல்ஸ் வந்து விழுகிறது. பஸ் மாதிரி ஒரு மீன். அதன் பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ஒருவர் நீந்துகிறார். கீழே விளம்பர வரி: "100% பார்க்கலாம், கேரண்டி!"

"மாப்ள, போட்ருவமா?" என்கிறார் ஒருவர். அடுத்த நிமிடமே மூன்று தம்ஸ் அப்.

போகலாம், தப்பே இல்லை. ஆனால் அவர்களை இழுத்த அந்த 'கேரண்டி'தான் முதலில் சந்தேகப்பட வேண்டிய விஷயம். காட்டு விலங்கு ஒன்றை நூறு சதவீதம் காட்டுவதாக ஒருவர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அந்த விலங்கை வேறு எங்கும் போக விடாமல் ஏதோ செய்கிறார்.

முதலில், இது எந்த மீன்?

பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இது திமிங்கலம் அல்ல, சுறா. உலகிலேயே மிகப் பெரிய மீன். நம் கடற்கரை ஊர்களில் 'அம்மணி உழுவை' என்பார்கள். 18 மீட்டர் வரை வளர்ந்தவை பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு பெரிய உடம்பு என்றாலும் மனிதரைக் கடிக்காது. வாயை அகலத் திறந்து தண்ணீரை வாங்கி, அதிலிருக்கும் மிதவை உயிரிகள், மீன் முட்டைகள், சின்ன மீன்களை வடிகட்டித் தின்பதுதான் இதன் வேலை.

பிரச்சினை என்னவென்றால், இது மெதுவாக வளரும் மீன். இனப்பெருக்கம் செய்யும் வயதை எட்டவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தென்படுபவை பெரும்பாலும் அந்த வயதை எட்டாத ஆண் சுறாக்கள். அதாவது, செல்ஃபிக்குப் பின்னால் தெரிவது ஒரு 'டீன் ஏஜ் பையன்'. அவன் வளர்ந்து ஆளாவதற்குள் படகு அடித்துவிட்டால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். 2016 முதல் இது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

ஸ்கூபா தெரிந்தால்தான் பார்க்க முடியுமா?

இல்லை. ட்ரிப் பிளான் செய்கிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். திமிங்கலச் சுறா பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும். எனவே பெரும்பாலான இடங்களில் அதைப் பார்ப்பது ஸ்நார்க்கலில்தான்: முகக் கண்ணாடி, மூச்சுக்குழாய், காலில் துடுப்பு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடலில் சுறாவோடு நீந்துவது முழுக்க ஸ்நார்க்கலில் மட்டுமே.

பவளப்பாறைகளைப் பார்க்கவும், ஆழத்தில் சுறா எதிர்ப்பட்டால் ரசிக்கவும் ஸ்கூபா உதவும். அதற்கு 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் தேவை. மூன்று, நான்கு நாள் பயிற்சி. 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். இதை அந்தமானிலோ புதுச்சேரியிலோ முன்கூட்டியே முடித்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். வெளிநாட்டு லீவில் பாதியைப் பயிற்சிக்கே செலவழிக்க வேண்டியதில்லை.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு இதில் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். கிணற்றின் அடிவரை முங்கும்போது காது அடைத்து வலிப்பது அவர்களுக்குப் பழக்கம். கடலிலும் அதே கதைதான். பத்து மீட்டர் இறங்கினால் உடல் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகும். வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்துக் காற்றை மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். மைனஸ் என்ன? கிணற்றில் அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை. நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். நடுக்கடலில் படகுதான் படிக்கட்டு, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

இன்னொரு விதியும் உண்டு. ஸ்கூபா முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. ஒரு முறை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவ்வளவு நேரம் ஆகும். இது விமானத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் பொருந்தும். காலையில் ராமேஸ்வரத்தில் ஸ்கூபா, ராத்திரி கொடைக்கானலில் ரூம் என்று பிளான் போட்டால் அது ஆபத்து.

எங்கே போவது?

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதான வெளிநாட்டு இடம் மாலத்தீவு. செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் போய்விட்டால் அங்கிருந்து மாலே விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'ஐமுகா' என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்பினால் போதும்.

மாலத்தீவில் திமிங்கலச் சுறாவுக்குப் பெயர் பெற்ற இடம் தெற்கு அரி பவளத்தீவு. 2009இல் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வருஷம் முழுக்கச் சுறாக்கள் தென்படும். ரிசார்ட்டில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திகுரா, தாங்கெத்தி, மாமிகிலி போன்ற தீவுகளில் உள்ளூர் மக்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. செலவு பல மடங்கு குறையும். அறை வாடகையோடு பசுமை வரியும் சுற்றுலா ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மட்டும் பட்ஜெட்டில் மறக்கக் கூடாது.

அங்கே போனாலும் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்த உறுதியும் இல்லை. இரண்டு, மூன்று நாள் ஒதுக்கினால் வாய்ப்பு கூடும். ஒரே நாளில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிளான்தான் ஏமாற்றத்தில் முடியும்.

'கேரண்டி'க்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பிலிப்பைன்ஸின் செபு தீவில் ஓஸ்லோப் என்று ஓர் ஊர். ரீல்ஸில் பார்க்கும் 'கை எட்டும் தூரத்து' வீடியோக்களில் பல அங்கே எடுத்தவை. 2011 வாக்கில் அங்குள்ள மீனவர்கள் சின்ன இறால்களைக் கையால் போட்டுத் திமிங்கலச் சுறாக்களைக் கரைக்கு அருகிலேயே பழக்கினார்கள். தினமும் காலையில் தீனி, தினமும் காலையில் கூட்டம். கேரண்டி கிடைப்பது இப்படித்தான்.

இதற்கு விலை கொடுப்பது சுறா. வழக்கமாகப் பல நூறு கிலோமீட்டர் சுற்றித் திரியும் மீன், தீனிக்காக ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது. அதைவிட மோசம், படகு என்றால் சாப்பாடு என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த ஊர்க் கடலில் ஓடும் படகுக்குப் பின்னாலும் அது போகும். அந்தப் படகில் இறால் இருக்காது, சுழலும் புரொப்பல்லர்தான் இருக்கும்.

தீனி போடாத இடங்களில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. தெற்கு அரியில் ஒரு சுறா தென்பட்டால் பல படகுகள் ஒரே நேரத்தில் அதைச் சுற்றி வளைத்துவிடுகின்றன. அங்குள்ள சுறாக்கள் பலவற்றின் உடலில் படகு அடித்த தழும்புகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் காட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம்தான் அங்கேயும் காரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க நிங்கலூவே இருக்கிறது. அங்கே உரிமம் பெற்ற படகுகளுக்கு மட்டுமே அனுமதி. ஒரு சுறாவின் அருகே ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்துப் பேர். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்த வேண்டும். அங்குள்ள சில நிறுவனங்கள், சுறா தென்படாவிட்டால் இன்னொரு நாள் அழைத்துப் போகின்றன. 'காட்டியே தீருவோம்' என்பதும், 'இன்று வராவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ரிஸ்க்கை மீன் சுமக்கிறது. இரண்டாவதில் கம்பெனி சுமக்கிறது.

மீனவர் பிழைப்புக்கு என்ன வழி?

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். தீனி போடுவதால் ஓஸ்லோப் மீனவர்களுக்கு நல்ல வருமானம். அதனால் அவர்கள் மீன்பிடிப்பதைக் குறைத்ததாகவும் ஆய்வுகள் உண்டு. மீனைக் காப்பாற்றுகிறோம் என்று மீனவன் வயிற்றில் அடிக்கலாமா?

அடிக்கக் கூடாதுதான். ஆனால் வேறு வழி இல்லை என்பது உண்மையல்ல. அதற்குச் சாட்சி குஜராத்.

வேராவல் கடலில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் திமிங்கலச் சுறாக்கள் வேட்டையாடப்பட்டன. ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, மாமிசமும் துடுப்பும் ஏற்றுமதிக்கு. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் இதை உலகுக்குக் காட்டியது. 2001இல் இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தது. அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் மட்டும் வேலை செய்யவில்லை. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் பிரசாரத்தைத் தொடங்கின. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் மாதிரி இந்த மீன் நம் கரைக்கு வருகிறது என்றார். 'வ்ஹாலி', அதாவது 'செல்லம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வலையில் சுறா சிக்கினால் வலையை அறுத்து விடுவிக்க வேண்டும், அறுத்த வலைக்கு இழப்பீடு உண்டு. பிறகு, மீனவர்களே படம் எடுத்து ஆதாரமாகக் கொடுக்கவும் வழி செய்தார்கள். இதுவரை 900க்கும் மேற்பட்ட சுறாக்கள் அப்படி விடுவிக்கப்பட்டிருக்கின்றன. வேட்டையாடிய அதே கைகள் வலையை அறுத்தன. அதற்கு ஒரு சுற்றுலாப் படகுகூடத் தேவைப்படவில்லை.

சோழபுரத்திலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் மன்னார் வளைகுடாவுக்கும் இந்த மீன் வரும். 21 தீவுகளைக் கொண்ட அந்தக் கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனது. ராமநாதபுரம், தூத்துக்குடி மீனவர்களின் வலையில் திமிங்கலச் சுறா தவறுதலாகச் சிக்கியதும், கரை ஒதுங்கியதும் பல முறை செய்தியாகியிருக்கின்றன. வலையை அறுப்பவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கையில் சேர்வதுதான் எந்தக் கடற்கரையிலும் முதல் தேவை. 'நம்ம ஊரிலும் சுறா சுற்றுலா' என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

- சுறாவுக்குத் தீனி போடுகிறீர்களா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.
- ஒரு சுறாவுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவீர்கள்?
- ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? 'காத்திருப்போம்' என்பதே சரியான பதில்.
- தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று இறங்கும் முன் சொல்லித்தருவீர்களா?
- அன்று தென்படாவிட்டால் என்ன?

போகிறவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு திமிங்கலச் சுறாவின் உடல் புள்ளிகளும் நம் கைரேகை போலத் தனித்தனி. வானில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண உருவாக்கிய கணினி முறையை மாற்றியமைத்து, இந்தப் புள்ளிகளைப் படித்து ஒவ்வொரு சுறாவையும் அடையாளம் காண்கிறார்கள். இடது பக்கச் செவுள்களுக்குப் பின்னால் உள்ள பகுதியைத் தெளிவாகப் படம் எடுத்து ஆய்வாளர்களின் தளத்தில் பதிவேற்றினால், அந்தச் சுறா எங்கே போனது, காயம் ஆறியதா என்று அவர்கள் தொடர முடியும். ரீல்ஸில் வரும் லைக்கைவிட அது நீண்ட நாள் பயன்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அந்த மலையில் புலி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி. அதற்காக யாரும் மலை ஏமாற்றிவிட்டதாகச் சொல்வதில்லை.

அந்த நான்கு பேரும் மாலத்தீவு போய், மூன்று நாள் கடலில் இறங்கி, ஆமையும் திருக்கை மீனும் பார்த்துவிட்டு, சுறாவைப் பார்க்காமலேயே திரும்பலாம். குரூப்பில் கொஞ்சம் கிண்டல் இருக்கும். ஆனால் காசு வீணாகவில்லை. தீனி போடாத, துரத்தாத ஒரு படகுக்காரரிடம் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த சீசனிலும் அவர் அப்படியே தொழில் செய்யலாம் என்பதற்கு அதுதான் உத்தரவாதம். அந்த 'கேரண்டி'க்குத் தாராளமாகப் பணம் கட்டலாம்.