டயரின் உள் ஓரத்தைப் பார்த்தீர்களா?

திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டிய முந்தின நாள் மாலை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகனின் பந்து காருக்கு அடியில் உருண்டுவிட்டது. எடுக்கக் குனிந்தவன் அங்கிருந்தே கத்தினான். "அப்பா, டயர்ல கம்பி தெரியுது!"

நான் நம்பவில்லை. காலையில்தான் காற்று பிடித்து, நான்கு டயரையும் சுற்றிப் பார்த்திருந்தேன். வெளியே பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. இடது முன் டயரின் உள் ஓரம் வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. மறுநாள் அந்த டயரை நம்பி மனைவி, மாமியார், மகன் என எல்லோரையும் ஏற்றிக்கொண்டு 600 கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பேன்.

"போன மழைக்காலத்துல பள்ளத்துல விட்டீங்களே, அதுவாங்க?" என்றாள் மனைவி. அதேதான். தண்ணீர் நிறைந்த பள்ளம், பலமான அடி. அதன்பின் ஸ்டியரிங் கோணலாக நின்றது. ஒரு கடையில் வீல் அலைன்மென்ட் செய்தேன். ஸ்டியரிங் நேரானது. 'லேசா கேம்பர் காட்டுது சார், ஓடும்' என்றார்கள். தலையாட்டிவிட்டு, கொடுத்த தாளை டேஷ்போர்டில் போட்டு மூடினேன்.

அன்று அதை எடுத்துப் பார்த்தேன். இடது முன் சக்கரம், கேம்பர்: மைனஸ் 2 டிகிரி 30 நிமிடம். வலது: மைனஸ் 20 நிமிடம். இடது பக்கம் சிவப்பு நிறம். அந்தத் தாள் ஐந்து மாதமாக டேஷ்போர்டில்தான் கிடந்தது. நான்தான் படிக்கவில்லை.

செருப்பு சொல்லும் பாடம்

பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், நடையில் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். டயரும் அப்படித்தான்.

காருக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? அதுதான் கேம்பர். தலை உள்பக்கம் சாய்ந்தால் நெகட்டிவ், வெளிப்பக்கம் சாய்ந்தால் பாசிட்டிவ். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் நேராக முன்னோக்குகின்றனவா, பாத விரல்கள்போல உள்ளே வெளியே திரும்பியிருக்கின்றனவா? அது டோ. டோ அரை டிகிரி தப்பினாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரப்பர் என்ன ஆகும்?

ரேஸ் கார்களில் சக்கரத்தை வேண்டுமென்றே உள்ளே சாய்த்து வைப்பார்கள். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுதாகத் தரையில் பதியட்டும் என்பதற்காக. நாம் ஓட்டுவது பெரும்பாலும் நேர்ச்சாலை. அங்கே அதிகச் சாய்வு டயரின் உள் ஓரத்தைத் தின்னும். ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிற தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும். தாழ்த்தினால் பெரும்பாலான கார்களில் சக்கரம் தானாகவே உள்ளே சாயும்.

'அலைன்மென்ட் முடிஞ்சது' என்றால்?

நம்மிடம் உள்ள பெரும்பாலான சிறிய கார்களில் அலைன்மென்ட் கடை திருகிச் சரிசெய்வது முன்சக்கரங்களின் டோவை மட்டும்தான். கேம்பரைத் திருக அவற்றில் தனி இடம் இருக்காது. ஆகவே கேம்பர் தப்பாகக் காட்டினால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. என் காரில் ஸ்ட்ரட் வளைந்திருந்தது. மாற்றியதும் கேம்பர் பச்சைக்கு வந்தது.

வேலை முடிந்ததும் தாளைக் கேட்டு வாங்குங்கள். 'முன்', 'பின்' என இரண்டு வரிசை இருக்கும். சிவப்பு ஏதும் மிச்சமிருந்தால், "இது ஏன் சிவப்பு?" என்று கேளுங்கள். இடது, வலது கேம்பருக்குள் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் காரணம் கேளுங்கள். 60 நிமிடம் சேர்ந்தது ஒரு டிகிரி.

வீட்டிலேயே ஐந்து நிமிடம்

ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இன்ஜினை நிறுத்துங்கள். முன் டயரின் முழு அகலமும் தெரியும். பின் டயருக்கு, கைப்பேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுங்கள்.

* உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் வழவழப்பு: கேம்பரைப் பாருங்கள்.
* தடவினால் ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம்போல உரசல்: டோ. கம்பி தெரிந்தால் கை வைக்காதீர்கள்.
* நடுவில் மட்டும் தேய்மானம்: காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால்: காற்று குறைவு.
* குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள்.

பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். புது டயர் போடும் அன்றே அலைன்மென்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

நாங்கள் ஒரு நாள் தாமதமாகத்தான் திருநெல்வேலி போனோம். மாமியார் கொஞ்சம் முணுமுணுத்தார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும் முன் டார்ச்சோடு குனிந்து பார்ப்பது மகனின் வேலை. அவன் 'சரி' என்ற பிறகுதான் சாவியை எடுக்கிறேன்.