முழக்கமல்ல, அளவீடே தேவை

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு ஆதாரம், 1895-இல் சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையால் எழுந்த முல்லைப் பெரியாறு அணை. 1979-க்குப் பின் உச்சியில் கான்கிரீட் பாரமேற்றியும், எஃகு வடங்களால் அடித்தளப் பாறையோடு பிணைத்தும், பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பியும் அது வலுவூட்டப்பட்டது. பழைய கட்டுமானமும் புதிய கான்கிரீட்டும் ஒரே உடலாக இயங்க, இரண்டும் சேரும் பரப்பு வெட்டுத் தகைவைத் தாங்க வேண்டும். இல்லையேல் நீரழுத்தத்தில் ஒன்றையொட்டி மற்றொன்று நழுவும்.

வல்லுநர் ஆய்வை ஏற்று, 142 அடி வரை நீர் தேக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆயினும் கேரளத்தின் அச்சம் தணியவில்லை. பேபி அணையை வலுப்படுத்தும் பணியோ மரம் வெட்டும் அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் தாமதமானது. அணையின் அளவீடுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் தவறாது வெளியிட வேண்டும். அச்சத்தை அகற்றவும் பாசன உரிமையைக் காக்கவும் அதுவே வழி.