சாவி வாங்குமுன் சுவரைத் தட்டிப் பார்!

தோட்ட லயத்தில் பிறந்து, லயத்திலேயே வளர்ந்து, பால்மரத்தோடு மல்லாடித் தேய்ந்த நம்மவர், ஓய்வு பெறும் நாளில் அந்த லயத்தையும் காலி செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. வேலை போனால் கூரையும் போகும் என்பது தோட்ட வாழ்வின் பழைய கதை. ஆகவே சொந்த வீடு நமக்கு ஆடம்பரமன்று. முதுமைக்கு ஒரே பாதுகாப்பு. இன்று பல தொழிலாளர் குடும்பங்கள் சேமநிதிப் பணத்தை எடுத்தும் வங்கியில் கடன்பட்டும் வீடு வாங்குகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வாங்கும் விதந்தான் கவலை தருகிறது.

சந்தையில் தேங்காய் வாங்கினாலும் தட்டிப் பார்க்கிறோம். பட்டையைப் பார்த்தே மரத்தின் நோயைச் சொல்லும் தொழிலாளி நம்மிடையே உண்டு. அதே மனிதர், முப்பது ஆண்டு கடன் கட்டவேண்டிய வீட்டை, புதுச் சாயத்தைக் கண்டு மயங்கி அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறாரே, இது என்ன நியாயம்?

"வங்கியே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டதே!" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆள் வீட்டின் விலையை மதிப்பிட வந்தவர். கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதே வங்கியின் கேள்வி. கூரை ஒழுகுமா, கரையான் அரிக்குமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு விடை தேடவேண்டியவர் நீங்கள்தான்.

பழைய வீடானால் முன்பணம் கொடுக்குமுன்பே சோதிக்க வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் போங்கள். மேற்கூரைப் பலகையில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கதவுநிலையை விரலால் தட்டுங்கள். உள்ளே பொள்ளலாக ஒலித்தாலும், சுவரோரம் மண்கோடு ஓடினாலும் கரையான் இருக்கக்கூடும். முடிபோன்ற வெடிப்பு பூச்சில் வருவது இயல்பு. காசு நுழையும் அளவுக்குச் சாய்வாக ஓடும் வெடிப்போ அடித்தளம் இறங்கியதைக் காட்டலாம். அதை ஒரு பொறியாளரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். வெள்ளம் வருமா என்று அண்டைவீட்டாரைக் கேளுங்கள். நில அலுவலகத்தில் பட்டாவையும், வரிபாக்கி உண்டா என்பதையும் வழக்கறிஞர் மூலம் பார்த்துவிடுங்கள். பழைய வீடு பெரும்பாலும் "இருக்கிறபடியே" என்ற நிபந்தனையோடு விற்கப்படுகிறது. சாவி கைமாறியபின் கண்ட குறை உங்கள் தலையில்தான் விடியும்.

புதுவீட்டு விஷயம் வேறு. 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனம் கட்டிய வீடானால், ஒப்பந்தப்படி சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் வரை கட்டுமானக் குறைகளை அந்நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கொடுத்த 30 நாளுக்குள் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. செய்யாவிட்டால், செலவுக் கணக்கைத் தெரிவித்து மேலும் 14 நாள் அவகாசம் கொடுத்து, வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்ட தொகையிலிருந்து அந்தச் செலவைப் பெற வழியுண்டு. அந்தத் தொகை வீட்டு விலையில் நூற்றுக்கு 5 பங்கு. அதில் ஒரு பாதி 8 மாதத்தில் நிறுவனத்திற்குப் போய்விடும். ஆகவே காலந்தாழ்த்துவது நமக்கே நஷ்டம். 2002 முதல் இயங்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்திலும் முறையிடலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு.

இத்தனை உரிமையும் யாருக்குப் பயன்படும்? எழுதிக் கேட்பவனுக்கு மட்டுமே! வாயால் சொன்ன குறை காற்றோடு போகும். தேதி போட்டு, படம் எடுத்து, பட்டியல் எழுதி, நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டதே என்று சும்மாயிராதீர்கள். அது வீடு குடியிருக்கத் தக்கது என்று சொல்லும். தரைக்கல் சரியாகப் பதிந்ததா என்று சொல்லாது.

சோதனைக்கு ஆள் வைக்கப் பணமேது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை ஒற்றுமைதான். ஒவ்வொரு தோட்டத்திலும் கொத்தனார் வேலை தெரிந்தவர், தச்சுவேலை தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்த பிள்ளை இருக்கிறார்கள். கிளைச் சங்கம் அவர்களை ஒரு குழுவாக்கட்டும். வீடு வாங்கும் தோழரோடு அக்குழு ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவதும், குறைக் கடிதம் எழுதித் தருவதும் உங்களால் முடிந்த பெருந்தொண்டு. நாலு வரிக் கடிதம் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பைக் காக்கும்.

குறை கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம். கூலி உயர்வு கேட்டபோதும் முகம் சுளித்தார்கள். அதற்காக நாம் கேட்காமல் விட்டோமா? வியர்வை சிந்திய காசு நம்முடையது. பார்த்து வாங்குவோம், எழுதிக் கேட்போம்!