தானே கற்றவர் கற்றது என்ன? – யோஹான் யோஹான்சனின் இசை

'முறையாக இசை பயிலாதவர்' என்ற சொற்றொடரை நம் விமர்சகர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருவரைப் புகழ வேண்டுமெனில், பயிலாமலேயே இவ்வளவு சாதித்தார் என்பார்கள். குறைத்துப் பேச வேண்டுமெனில், பயிலாததால் இவ்வளவுதான் முடிந்தது என்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: கல்விக்கூடத்துக்கு வெளியே நடப்பது கல்வி ஆகாது. ஏகலைவனைப் பற்றிப் பேசும்போதும் அவன் இழந்த கட்டைவிரலைத்தான் நினைவுகூர்கிறோம். மண்ணுருவத்தின் முன் நின்று அவன் பயின்ற நாட்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சனை (1969–2018) முன்வைத்து இந்த எண்ணத்தைச் சற்றே பரிசீலிக்கலாம்.

ரெய்க்யவிக் நகரில் பிறந்த யோஹான்சன் பதினோரு வயதில் பியானோவும் ட்ராம்போனும் கற்கத் தொடங்கினார். பள்ளிப் பருவத்திலேயே அதைக் கைவிட்டார். செவ்வியல் இசையைப் பாடமாகப் படிப்பது அவருக்கு ஒவ்வவில்லை. இசையமைப்பை அவர் எந்த நிறுவனத்திலும் பயின்றதில்லை. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தவை மொழிகளும் இலக்கியமும். ராக் குழுக்களில் வாசித்து, இரைச்சலையும் எதிரொலியையும் இசைக்கான மூலப்பொருட்களாகக் கையாளப் பழகினார். ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டு 2002இல் தொகுப்பாக வெளிவந்த 'எங்லபோர்ன்' இவ்விரு பயிற்சிகளும் சந்திக்கும் இடம். அதன் முதல் இசைத்துண்டு, நேசத்தையும் வெறுப்பையும் ஒருசேரப் பேசும் கட்டுல்லஸின் ஈரடி லத்தீன் கவிதை. பாடுவது கணினிவழி உருமாற்றப்பட்ட குரல். உடன் ஒலிப்பவை தந்திக் கருவிகள். அந்தக் குரல் உருகுவதில்லை. உருகும் வேலை முழுவதும் கேட்பவருக்கே விடப்படுகிறது. கவிதையை இசையால் அலங்கரிக்காமல் வாசிக்கத் தெரிந்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும்.

அவருடைய ஆக்கங்களில் என்னை மிகவும் பாதித்தது 2006இல் வெளிவந்த 'ஐபிஎம் 1401: பயனர் கையேடு'. ஐஸ்லாந்துக்கு 1964இல் வந்த ஐபிஎம் 1401 கணினியைப் பராமரித்த பொறியாளர் யோஹான்சனின் தந்தை. அந்த இயந்திரம் இயங்கும்போது அதன் நினைவகத்திலிருந்து மின்காந்த அலைகள் கசியும். அருகில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்தால் அவை ஒலியாகக் கேட்கும். தந்தையும் அவருடைய சகாக்களும் நிரலை அதற்கேற்ப எழுதி இயந்திரத்தைப் பாட வைத்தார்கள். 1971இல் அதற்கு ஓய்வு கொடுக்கப்பட்டபோது ஒரு பிரியாவிடை நிகழ்வே நடந்தது. அப்போது ஒலிநாடாவில் பதிந்த பாட்டைப் பல ஆண்டுகள் கழித்து மகன் கண்டெடுத்து, அதைச் சுற்றி இசை எழுதினார். முதலில் நால்வர் குழுவுக்கென எழுதியதை, பிறகு அறுபது பேர் கொண்ட தந்தி இசைக்குழுவுக்கு விரித்தார். இடையே ஒரு குரல் பராமரிப்புக் கையேட்டின் குறிப்புகளை வாசித்துச் செல்கிறது.

இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் இதில் எனக்குப் பரிச்சயமான ஒன்று தென்படுகிறது. அகப்பாடலில் தலைவி தன் துயரைச் சொல்லாத இடத்தில் கருப்பொருள் அதைச் சொல்லிவிடும். இங்கும் தந்தை–மகன் உறவு குறித்து ஒரு சொல்லும் இல்லை. ஒரு பழைய இயந்திரமும் அதன் பராமரிப்புக் குறிப்புகளுமே முன்நிற்கின்றன. உணர்ச்சி அவற்றின் மேல் தானாக வந்து படிகிறது. கைவிடப்பட்டவற்றின் மேல் அவருக்கிருந்த இந்த ஈடுபாடு தொடர்ந்தது. அமேசான் காட்டில் ஹென்றி ஃபோர்டு ரப்பருக்காக அமைத்துத் தோற்ற நகரம் 'ஃபோர்ட்லாண்டியா'வுக்கு (2008) அடித்தளமாயிற்று. பில் மோரிசனின் ஆவணப்படத்துக்கான 'சுரங்கத் தொழிலாளர் கீதங்கள்' (2011), இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. அச்சுரங்க ஊர்களுக்கென்றே பித்தளைக் கருவிக் குழுக்களின் மரபு ஒன்று உண்டு. அம்மக்களின் கருவிகளைக் கொண்டே அவர்களுக்கான இசையை அவர் எழுதினார்.

அவர்மீது வைக்கப்படும் விமர்சனத்தையும் பார்க்க வேண்டும். எளிய சுர அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்கள், எளிதில் கண்ணீரை வரவழைக்கும் தந்திகள். பயிற்சியின்மையை இவை காட்டிக்கொடுக்கின்றன என்பது வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. 2015இல் கோல்டன் குளோப் விருது பெற்றுத் தந்த 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' இசை, எனக்குத் தோன்றியவரை, அவருடைய படைப்புகளில் மிக இணக்கமானது. எவரையும் தொந்தரவு செய்யாதது. ஆனால் அதே ஆண்டில் வந்த 'சிக்காரியோ'வைக் கேட்டவர் இந்த வாதத்தை நீட்ட மாட்டார். அங்கே மெட்டு என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. கீழ் ஸ்தாயியில் சறுக்கி இறங்கும் தந்திகளும் முரசொலியுமாக நிலத்தடியிலிருந்து ஏதோ நகர்ந்து வருவது போன்ற அச்சம் மட்டுமே இருக்கிறது. வேற்றுலகவாசிகளின் மொழியை ஒரு மொழியியலாளர் புரிந்துகொள்ள முயலும் 'அரைவல்' (2016) படத்திலோ, பொருள் விலக்கிய மனிதக் குரல்களைக் கருவிகளாக்கினார். எளிமை அவருக்கு இயலாமை அன்று, தேர்வு என்பதற்கு இவை போதும்.

இன்னும் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. டேரன் அரனோஃப்ஸ்கியின் 'மதர்!' (2017) படத்துக்காக நெடுநாள் உழைத்து இசை எழுதிய பிறகு, இப்படத்துக்கு இசையே வேண்டாம் என்ற முடிவை இயக்குநருக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். படம் பின்னணி இசையின்றியே வெளிவந்தது. தன் உழைப்பைத் தானே அழிக்கச் சொல்லும் துணிவை எந்தப் பாடத்திட்டம் கற்பிக்கிறது? கல்விக்கூடம் எதைச் சேர்ப்பது என்று கற்பிக்கிறது. எதை விடுவது என்பதைப் பெரும்பாலும் மாணவன் தனியேதான் கற்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்வதால் கல்விக்கூடங்கள் வீண் என்றாகிவிடாது. யோஹான்சனும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். ஆனால் அவர் அங்கே படித்தது ஒன்று, அதைக் கொண்டு செய்தது வேறொன்று. தமிழ் படித்தால் தமிழாசிரியர் வேலை, இல்லையேல் எதற்கும் பயனில்லை என்று மாணவர்களிடம் சொல்லப்படும் இடங்களில் இந்த உண்மை உரக்கச் சொல்லப்பட வேண்டும். இலக்கியக் கல்வி எங்கே போய் முளைக்கும் என்பது விதைக்கும் ஆசிரியருக்குத் தெரியாது.

2018 பிப்ரவரியில் பெர்லினில் அவர் இறந்தபோது வயது 48. அவரே இயக்கிய 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்', 2020இல் பெர்லின் திரைப்பட விழாவில் முழுப்படமாகத் திரையிடப்பட்டது. ஓலாஃப் ஸ்டேபிள்டனின் 1930ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய அப்படத்தில் மனிதர்கள் தோன்றுவதில்லை. பழைய யூகோஸ்லாவியாவின் கான்கிரீட் நினைவுச் சின்னங்களும், டில்டா ஸ்விண்டனின் குரலும், இசையும் மட்டுமே. புதிதாகக் கேட்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்க வேண்டாம். 'ஐபிஎம் 1401'இல் தொடங்கலாம். வேறு வேலை செய்துகொண்டு அல்லாமல், இரவில், ஒரே அமர்வில்.