துணை என்னும் பொய்

"யாரோட போற?"

வெளிநாட்டில் தங்கி வேலை செய்யப் போகிறேன் என்று ஒரு பெண் வாயெடுத்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். எந்த ஊர், என்ன விசா, எவ்வளவு வாடகை என்பதெல்லாம் பிறகு. தனியாகத்தான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விகளுக்கு அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. துணை இருந்தால் பெண்ணுக்குப் பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஆபத்து என்கிறோம். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் நமக்குள் ஊறிக் கிடக்கும் இந்த நம்பிக்கை பொய். பெண்களை ஆபத்தில் தள்ளுகிற பொய்.

துணை என்று நாம் யாரைக் கைகாட்டுகிறோம்? கணவனை, காதலனை, குடும்பத்தாரை. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் 51,100 பெண்களும் சிறுமிகளும் அவர்கள் கையாலேயே கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. அந்த ஆண்டு கொலையான பெண்களில் இது ஏறக்குறைய 60 சதவீதம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டுக்குள் நடப்பது இது. ஆனால் பயமெல்லாம் விமானம் ஏறும் பெண்ணைப் பற்றித்தான்.

அப்படி ஏறிப் போகும் ஊர்களில் ஒன்றாக மலேசியாவின் பினாங்கை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வழியே வேலை செய்பவர்கள் தங்குவதற்கென்று மலேசியா 2022 அக்டோபரில் 'டிஇ ரந்தாவ்' என்ற அனுமதியைக் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தங்கலாம், நீட்டித்துக்கொள்ளவும் வழி உண்டு. கணினித் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலரைத் தாண்ட வேண்டும். எல்லோருக்கும் எட்டுகிற தொகை இல்லை. வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்கிறார்கள். அப்பாவின் கடிதம் கேட்பதில்லை.

சென்னை அலுவலகத்துக்கு அங்கிருந்து வேலை பார்க்கும் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது? பினாங்கின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. நம் ஒன்பதரை அங்கே நண்பகல். காலை முழுக்க அவளுடையது. மடிக்கணினியை மூடும்போது இரவு ஒன்பது. பசிக்கும். வெளியே போகத்தான் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பதறுவது இந்த இடத்தில்தான்.

அந்த நேரத்தில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் கடையில் வரிசை நிற்கும். தட்டை நீட்டினால் சோற்றின்மேல் மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். வேலை முடிந்து வந்த மலாய்ப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரைக் குடிப்பாள்; பக்கத்துச் சந்தில் வயதான சீன அம்மா கொதிக்கும் வாணலியில் நூடுல்ஸ் கிளறுவார். தனியாகச் சாப்பிடும் பெண்ணை ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வெளிச்சமும் திறந்திருக்கும் கடைகளும் தெருவில் வேறு பெண்களும்தான் அங்கே அவளுக்குக் காவல்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் பல இடங்களில் மோட்டார் சைக்கிள்களும் கடைச் சாமான்களும் அடைத்துக் கிடக்கும். நடப்பவர் சாலையில் இறங்கியாக வேண்டும். பைக்கில் வந்து பையைப் பறிப்பவனுக்கு அதுதான் வாய்ப்பு. பக்கத்தில் கணவன் நடந்தாலும் பை போகும். பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதே என்று உள்ளூர்ப் பெண்கள் சொல்லித் தருவதும், நடைபாதையை அடைப்பில்லாமல் வைக்கும் மாநகராட்சியும்தான் அங்கே உதவும்.

தனிப் பெண்கள் பினாங்குக்குப் புதியவர்களும் இல்லை. 1972இல் அங்குள்ள பாயான் லெப்பாஸ் பகுதியில் தடையற்ற வணிக வலயம் வந்து மின்னணு ஆலைகள் திறந்தபோது, அவற்றில் உட்கார்ந்து சில்லுகளைக் கோத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கிராமங்களிலிருந்து வந்து, வாடகை அறைகளைப் பகிர்ந்துகொண்டு, மூன்று ஷிப்டிலும் உழைத்தார்கள். ஊர் அவர்களை நடத்தை கெட்டவர்கள் என்று ஏசியது. அவர்கள் அனுப்பிய பணத்தை எந்த வீடும் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

துணைதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை செய்யும் பெரிய கேடு வேறொன்று. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிறார், அல்லது ஒருவன் இரண்டு நாளாகப் பின்தொடர்கிறான் என்று வையுங்கள். அவள் வீட்டுக்குச் சொல்வாளா? சொன்னால் வரும் பதில் அவளுக்கு மனப்பாடம்: "அப்பவே சொன்னோம்ல, கிளம்பி வா." அதனால் வாயைத் திறக்கமாட்டாள். யாருக்கும் தெரியாத ஆபத்துதான் கடைசியில் ஆளையே விழுங்குகிறது. நம் அரசும் ஆபத்தை இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது. பத்தாம் வகுப்பு தேறாத பெண் மலேசியா போன்ற நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. விதி இருந்தும் வறுமை காத்திருப்பதில்லை. சுற்றுலா விசாவில் தரகன் அனுப்பிவைக்கிறான். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத அவள் அடிபட்டால் தேடிப்போக ஆளில்லை.

பெற்றோர்களே, உங்கள் மகள் பினாங்குக்குப் போகிறேன் என்றால், யாரோடு என்று கேட்காதீர்கள். வேலை செய்யும் அனுமதி கையில் இருக்கிறதா, இல்லை 30 நாள் சுற்றுலா நுழைவை நம்பிப் போகிறாளா என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா, காப்பீடு எத்தனை மாதத்துக்கு, திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். 999 என்ற மலேசிய அவசர எண்ணை அவளுக்கு நினைவூட்டுங்கள். ஒருநாள் இரவு அவள் அழைத்து ஒரு தொல்லையைச் சொன்னால், "கிளம்பி வா" என்பதை விழுங்கிக்கொண்டு, "சொல்லும்மா, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.