கழுத்துப்பட்டை சொல்வது காட்டுவாசிக்கும் கேட்கட்டும்



தொழில்நுட்பம் ஆராய்ச்சியை மாற்றுகிறது என்றதும் ஆய்வுக்கூடங்களும் நகரங்களுமே பேசப்படுகின்றன. கேரளத்தின் சின்னக்கானல் ஏலத்தோட்டங்களில் அந்த மாற்றம் யானையின் கழுத்தில் ஏறியது.

2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை இங்கே மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டு, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையுடன் மறுநாள் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது தமிழகத்தின் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. புது இடத்தில் விடப்பட்ட யானை எப்படி அலைகிறது என்பதற்குச் செயற்கைக்கோள் வழியே வந்த இந்தத் தடம் அருமையான ஆய்வுப் பொருள். ஆனால் பட்டை இருப்பிடத்தைச் சொல்லும், அவ்வளவுதான், யானையைத் தடுக்காது. கம்பத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

தமிழகத்தின் வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். யானைக்கூட்டம் நிற்கும் இடம் குறுஞ்செய்தியாகத் தொழிலாளர் கைப்பேசிக்குப் போகும், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும்; கைப்பேசியால் இயங்கும் சிவப்பு விளக்குகள் பாதையோரம் எரியும். இதற்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. கோவை அருகே மதுக்கரையில் ரயில் பாதையோரம் 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானைகளைக் கவனிக்கின்றன.

சின்னக்கானல், சூரியநெல்லி தோட்டத் தொழிலாளர்களில் பலர் தமிழர்கள். 301 காலனியில் பழங்குடியினர் யானைத்தடத்திலேயே வாழ்கிறார்கள். இவர்களுக்கும் இத்தகைய யானை எச்சரிக்கை மலையாளத்தோடு தமிழிலும், எழுத்தோடு குரலாகவும் வர வேண்டும். கேரள வனத்துறை இதைக் கவனிக்கட்டும்.

வாசகர், சின்னக்கானல்